அக்கா மகளுக்கு மெஷின்தான் வேண்டுமாம்: ஒக்கேஷனலா, பாலிடெக்னிக்கா, ஐடிஐயா?

#1 ஒடுகத்தூர் மாமா

வணக்கம். இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு குடும்பப் பஞ்சாயத்து என் தலையில் விழுந்திருப்பதால் வந்தேன்.

அக்கா மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். அணைக்கட்டுப் பக்கம் அரசுப் பள்ளி, 500க்கு 431. மச்சான் "ஃபர்ஸ்ட் குரூப், பயாலஜி" என்று முடிவே செய்துவிட்டார். பெண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) பட்டறையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். சின்ன வயதில் இரண்டு மூன்று தடவை அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் வினை. "மாமா, எனக்கு மெஷின் படிக்கணும்" என்று பிடிவாதமாக இருக்கிறாள். அக்கா என்னை முறைக்கிறாள்.

வெறும் ஆசை என்றும் தள்ளிவிட முடியவில்லை. மச்சான் கொல்லையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி போடுகிறார். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கத்தரிக்காய்தான். ருசிக்குப் பெயர் வாங்கிய காய், பறிப்பவர் கையைக் கேட்டால் வேறு கதை சொல்லும். காம்பில் முள், இலையில் முள், தண்டில் முள். சீசனில் அக்காவின் விரல்களைப் பார்க்கவே முடியாது. போன வருஷம் இந்தப் பெண் ஒரு பழைய சைக்கிளின் பிரேக் கட்டை, பிரேக் வயர், ஒரு முழம் இரும்புக் குழாய் எல்லாம் சேர்த்து ஒரு பறிப்பான் செய்தாள். பிடியை அழுத்தினால் முன்னால் இரண்டு தாடைகள் மூடும். ஒன்றில் பிளேடு, இன்னொன்றில் சைக்கிள் ட்யூப் ரப்பர். காம்பு அறுந்தாலும் காய் கீழே விழாது. வெல்டிங் மட்டும் ஊரில் ஒரு பட்டறைக்காரர் அடித்துக்கொடுத்தார், மீதியெல்லாம் இவள் கை வேலை.

பள்ளியில் இருந்து இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு (பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு நடத்துவது) அனுப்பினார்கள். தேர்வாகி 10,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வந்தது. மாவட்டக் கண்காட்சியில் வைத்தாள். நடுவர் ஒருவர் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இதில் சென்சார் இல்லையாம்மா?" என்று கேட்டு நகர்ந்துவிட்டார். பக்கத்து மேசையில் தெர்மாகோலில் ஒரு ஸ்மார்ட் சிட்டி, விளக்கெல்லாம் எரிந்தது. அதற்குக் கூட்டம். இவளுக்குப் பரிசு இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பிளேடைக் கழற்றி, சாய்வு மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று வழி தெரிகிறது: ப்ளஸ் ஒன்னில் ஒக்கேஷனல் குரூப் (தொழிற்பிரிவு), பாலிடெக்னிக், ஐடிஐ. எது சரி? இந்தக் கண்காட்சிகளை விட்டால் இவள் மாதிரிப் பிள்ளைகளுக்கு வேறு போட்டி ஏதாவது உண்டா?

#2 பிரியாணிப் பிரியன்

கத்தரிக்காய்க்குச் சென்சார் வைத்தால் என்ன சொல்லுமாம், "நான் பழுத்துவிட்டேன்" என்றா?

#3 காட்பாடி ஜங்ஷன்

மாமா (எல்லோருக்கும் மாமா ஆகிவிட்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்), நான் ஒக்கேஷனலில் படித்தவன். எலக்ட்ரிகல். அனுபவத்தில் சொல்கிறேன், வேண்டாம்.

எங்கள் பள்ளியில் அந்த வகுப்பு கடைசிக் கட்டடத்தில் இருந்தது. கடைசி என்றால் கழிப்பறைக்கு முன்னால். மார்க் குறைந்தவன், லேட்டாகச் சேர வந்தவன், ஹெச்எம் பார்த்து வைத்திருந்தவன் எல்லோரும் அங்கே. நான் எலக்ட்ரிகல் பிடித்துத்தான் போனேன் என்று சொன்னால் ஒருவனும் நம்பவில்லை. மோட்டார் வைண்டிங் கற்றுக்கொண்டேன், இன்றைக்கும் வீட்டு மிக்சியை நான்தான் கழற்றி மாட்டுகிறேன். அது லாபம். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் தொழிற்கல்விப் பிள்ளைகளுக்குத் தனித் தரவரிசையும் தனி ஒதுக்கீடும் இருப்பதால் பி.இ. சீட்டும் கிடைத்தது. அதுவும் லாபம்தான்.

அப்புறம் முதல் செமஸ்டர் கணக்கு வந்தது. ஃபர்ஸ்ட் குரூப் பையன்கள் ப்ளஸ் டூவில் இரண்டு வருஷம் போட்ட நுண்கணிதத்தை நான் இரண்டு மாதத்தில் போட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவைதான் பாஸ். 431 வாங்கிய பெண்ணை ஃபர்ஸ்ட் குரூப்பில் சேருங்கள். மெஷின் எங்கே ஓடிப்போகப் போகிறது?

#4 பழைய வாத்தியார்

காட்பாடித் தம்பி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். 27 வருஷம் ஜெனரல் மெஷினிஸ்ட் பாடம் எடுத்தவன்.

1978ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. பிற்பாடு ஒட்டவைத்தது இல்லை. எல்லாப் பிள்ளையும் கல்லூரிக்குப் போகப் போவதில்லை, ஒரு பகுதி கையில் தொழிலோடு வெளியே வரட்டும் என்பதுதான் எண்ணம். கோத்தாரி ஆணையம் 1966ல் சொன்னதும் அதுவே. இயந்திரவியல், மின்சாரம், வேளாண்மை, நெசவு, செவிலியம், கணக்குப்பதிவு, அலுவலகச் செயலியல் என்று ஊருக்கு ஏற்ற மாதிரி பிரித்தார்கள். அப்போது இது ஒரே வடாற்காடு மாவட்டம். திருவண்ணாமலை 1989ல்தான் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆனது 2019ல், நேற்று மாதிரி. எங்கள் பள்ளியில் லேத்து இரண்டு, டிரில்லிங் மெஷின் ஒன்று, வைஸ் பதினெட்டு இருந்தன. காலையில் தியரி, மதியம் ஷாப்.

பையன் முதல் மாதம் முழுக்க அரம்தான் போடுவான். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து நாலு பக்கமும் மட்டமாக்கிக் கொண்டுவா என்பேன். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் கீற்றுத் தெரியக்கூடாது. தெரியும். திரும்பப் போ. அழுதவன்கூட உண்டு. ஆனால் மூன்றாவது வாரம் ஒருநாள் கீற்று தெரியாமல் போகும் பாருங்கள், அந்த முகத்தை நான் எந்தப் பரீட்சை ரிசல்ட்டிலும் பார்த்ததில்லை.

கெட்டது எங்கே என்றால், ஆள் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நான் வெளியே வந்தபின் என் இடம் காலி. இரண்டு வருஷம் பக்கத்து வகுப்பு ஆசிரியர் மேற்பார்வையில் ஓட்டினார்கள். அப்புறம் குரூப்பையே மூடிவிட்டார்கள். லேத்தின் மேல் பழைய பெஞ்சுகளை அடுக்கியிருப்பதாக ஒரு மாணவன் படம் அனுப்பினான். நான் பதில் போடவில்லை.

அதனால் மாமா, ஒக்கேஷனல் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். எந்தப் பள்ளி, அங்கே வாத்தியார் இருக்கிறாரா, மெஷின் ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

#5 ஐடிஐ ஃபிட்டர்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் ஐடிஐயில் பயிற்றுநர். போட்டி பற்றி மாமா கேட்டதற்கு வருகிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

இன்ஸ்பயர் மானக் என்பது யோசனைப் போட்டி. நீங்களே ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, நீங்களே ஒன்றைச் செய்து கொண்டுவருகிறீர்கள். பள்ளிக்கு ஐந்து யோசனை வரை அனுப்பலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலே போகும். புதுமை, மக்களுக்குப் பயன், கையாள எளிமை, ஏற்கெனவே இருப்பதைவிட என்ன மேல் என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. சென்சார் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. உங்கள் அக்கா மகளுக்கு நடந்தது நடுவரின் அவசரம். அதை அவள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

திறன் போட்டி வேறு ஜாதி. அங்கே எல்லோருக்கும் ஒரே வரைபடம், ஒரே இரும்பு, ஒரே நேரம். தெர்மாகோலுக்கு வேலையே இல்லை. ஃபிட்டிங் என்றால் ஒரு துண்டு இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஆண் பக்கம், பெண் பக்கம் என்போம். இடைவெளி வரைபடத்தில் சொன்னதைத் தாண்டினால் மார்க் போச்சு. அளக்கிற வெர்னியர் கருவி 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். நடுவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதற்கு அங்கே அதிக இடம் கிடையாது.

நம் மாநிலத்தில் திறன் மேம்பாட்டுக் கழகம் டிஎன் ஸ்கில்ஸ் என்ற பெயரில் நடத்துகிறது. மாநிலத்தில் ஜெயித்தவர்கள் இந்தியா ஸ்கில்ஸுக்குப் போவார்கள். 2024 மே மாதம் டெல்லியில் நடந்தபோது 61 பிரிவுகள். அங்கிருந்து உலகத் திறன் போட்டி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 1950ல் ஸ்பெயினில் ஆரம்பித்தது. இந்தியா முதன்முதலில் கலந்துகொண்டது 2007ல், ஜப்பானில். பெரும்பாலான பிரிவுகளுக்கு, போட்டி நடக்கும் ஆண்டில் 22 வயதைத் தாண்டக்கூடாது. மெக்கட்ரானிக்ஸ் மாதிரி சிலவற்றுக்கு 25. உங்கள் பெண்ணுக்கு இப்போது 15 அல்லது 16 இருக்கும். இன்றைக்கு அரம் பிடித்தாலும் கையில் ஆறு வருஷம் இருக்கிறது.

2024ல் பிரான்ஸின் லியோன் நகரில் இந்தியாவுக்கு நான்கு வெண்கலம். எதற்கு என்று பாருங்கள்: கேக், பேஸ்ட்ரி செய்வதற்கு ஒன்று, ஓட்டல் வரவேற்புக்கு ஒன்று, புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு ஒன்று, இன்டஸ்ட்ரி 4.0வுக்கு (மெஷின்களைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டுவது) ஒன்று. நம் ஊரில் இந்த வேலையெல்லாம் "படிக்காதவன் வேலை" கணக்கில்தான் வரும்.

#6 ஒடுகத்தூர் மாமா

ஃபிட்டர் சார், ரொம்ப நன்றி. உங்கள் பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "0.02 என்றால் எவ்வளவு மாமா?" என்றாள். தலைமுடியில் கால் பங்கு இருக்கும் என்றேன். அப்புறம் தலையில் இருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சானுக்கு ஒரே கேள்விதான்: "இதில் போனால் இன்ஜினியர் ஆக முடியுமா முடியாதா?" வருஷக் கணக்கு யாராவது போட்டுச் சொல்லுங்கள்.

#7 ஐடிஐ ஃபிட்டர்

ஆகலாம். எல்லா வழியும் கடைசியில் அங்கே போய்ச் சேரும், நேரம்தான் வேறு.

ப்ளஸ் டூ வழி: 2 வருஷம், பி.இ. 4 வருஷம், மொத்தம் 6.

பாலிடெக்னிக் வழி: டிப்ளமோ 3 வருஷம், முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு, அங்கே 3 வருஷம். இதுவும் 6தான்! பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நடுவில் மூன்றாவது வருஷமே கையில் ஒரு டிப்ளமோ இருக்கும், வேலைக்குப் போகலாம்.

ஐடிஐ வழி: ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் 2 வருஷம். அப்புறம் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு, 2 வருஷம். அப்புறம் பி.இ. 3. மொத்தம் 7. ஒரு வருஷம் அதிகம், கைவேலை மற்ற இரண்டைவிட மிக அதிகம். ஐடிஐ முடித்தவுடன் 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரென்டிஸ் போகலாம். ராணிப்பேட்டை பெல் நிறுவனத்திலேயே எடுக்கிறார்கள். ஐடிஐ என்றாலே பழைய ஷெட் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ, சிஎன்சி, முப்பரிமாண அச்சு எல்லாம் உள்ளே வந்தாயிற்று.

ஒன்றை மட்டும் மச்சானிடம் சொல்லிவிடுங்கள். பி.இ.யில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் வந்தது, கட்டணமும் அரசே கட்டும். அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவதோடு பாலிடெக்னிக் போனால் அந்த வாசல் மூடும். ஒக்கேஷனலோ ஃபர்ஸ்ட் குரூப்போ, அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தால் திறந்திருக்கும். மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் பற்றிக் கவலை வேண்டாம், அது டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் உண்டு.

#8 டல்லாஸ் குடியாத்தம்

நான் குடியாத்தம், இப்போது டெக்சாஸில். தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகன் இங்கே ஹைஸ்கூலில் பாதி நாள் கணக்கு, இங்கிலீஷ். மீதி நாள் வெல்டிங். ஆமாம், வெல்டிங். முதலில் கேட்டபோது எனக்கும் உங்கள் மச்சான் முகம்தான். அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் கைகளைக் கொடுத்து என்னைப் படிக்கவைத்தது பேரன் வெல்டிங் ராடு பிடிக்கவா என்று இரண்டு நாள் தூங்கவில்லை.

இங்கே பள்ளித் தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி அரசு பணம் தர ஆரம்பித்தது 1917ல். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது மாணவர் அமைப்புகள். விவசாயம் படிக்கிற பிள்ளைகளுக்கு எஃப்எஃப்ஏ, 1928ல் தொடங்கியது, நீல நிறக் கார்டுராய் கோட் போட்டுக்கொண்டு திரிவார்கள். வியாபாரம் படிப்பவர்களுக்கு டெக்கா, 1946. மருத்துவப் பக்கம் போகிறவர்களுக்கு ஹோசா, 1976. வெல்டிங், பிளம்பிங், தச்சு, ரோபோ வகையறாவுக்கு ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ, 1965ல் வேறு பெயரில் ஆரம்பித்தது. இவர்கள் நடத்தும் தேசியப் போட்டியில் 100க்கும் மேல் பிரிவுகள். அட்லாண்டாவில் ஒரு பெரிய கூடம் முழுக்கப் பிள்ளைகள் செங்கல் கட்டுகிறார்கள், கார் இன்ஜினைப் பிரிக்கிறார்கள், முடி வெட்டுகிறார்கள். ஓட்டப் பந்தயத்துக்குக் கை தட்டுவதுபோல் பெற்றோர் நின்று கை தட்டுகிறார்கள்.

மகன் மாவட்டப் போட்டிக்குப் போனதைச் சொல்கிறேன். வெல்டிங் போடும் முன்னால் ஒரு எழுத்துத் தேர்வு. ஒரு பக்கத்தில் தன்னைப் பற்றிய விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி போடாமல் ஒரு நிமிடம் நின்றதற்கு அவனுக்கு மார்க் குறைத்தார்கள். வெல்டிங் அழகாக வந்திருந்தது. "அழகு இருக்கட்டும், கண் போனால் வருமா?" என்று அந்த நடுவர் கேட்டாராம். பக்கத்து ஊர்க் கம்பெனியில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவர் அவர். இதுதான் வித்தியாசம். கூப்பிடுகிற நடுவர் அந்தத் தொழிலைச் செய்தவர். கத்தரிக்காய்ப் பறிப்பானுக்கு நடுவராகக் கத்தரிக்காய் பறிப்பவர் ஒருவரை உட்காரவைத்திருந்தால் சென்சார் கேள்வி வந்திருக்காது.

#9 காட்பாடி ஜங்ஷன்

டல்லாஸ் அண்ணே, கேட்க நன்றாக இருக்கிறது. அங்கே வெல்டருக்குக் கிடைக்கிற சம்பளத்தில் வீடு வாங்கலாம். இங்கே வெல்டருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். போட்டி வைத்தால் இது மாறுமா? பதக்கம் வாங்கினவனுக்கும் அதே பன்னிரண்டாயிரம்தானே.

#10 டல்லாஸ் குடியாத்தம்

நியாயமான அடி. ஒத்துக்கொள்கிறேன். போட்டி சம்பளத்தை ஏற்றாது.

#11 ஆம்பூர்வாசி

சம்பளப் பேச்சு வந்ததால் நானும் இரண்டு வார்த்தை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் (தோல் வெட்டும் அளவு வடிவம்) பிரிவில் இருக்கிறேன்.

எங்களிடம் ஆள் இல்லை என்ற பேச்சே கிடையாது, தெரிந்த ஆள் இல்லை என்பதுதான் தினசரிப் பாட்டு. அப்பர் (ஷூவின் மேல் பாகம்) தைக்க ஆயிரம் பேர் உண்டு. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டு, ஒரு சைசில் இருந்து இன்னொரு சைசுக்குப் பிசகாமல் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் கை விரல் எண்ணிக்கை. அப்படி ஒருத்தர் கிடைத்தால் அவர் சொல்கிற சம்பளம்தான். கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் 1957ல் இருந்து இருக்கிறது. ஆனால் தோலும் ஷூவும் சோறு போடுகிற ஆம்பூர், வாணியம்பாடியில் பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள், அதன் பெயர் தெரியாது. பானப்பாக்கத்தில் டாடா கார்த் தொழிற்சாலைக்கு 2024ல் அடிக்கல் போட்டார்கள், 9,000 கோடி முதலீடு. தைவான்காரர்கள் ஷூ தொழிற்சாலையும் அதே ஊருக்கு வருகிறது. வாசல் வரை வந்துவிட்ட வேலைக்கு நம் பிள்ளைகளை உள்ளே அனுப்பப் போகிறோமா, கேட்டில் செக்யூரிட்டியாக நிறுத்தப் போகிறோமா?

இன்னொன்று, ரொம்ப நாளாக என் மனசில் இருப்பது. உலகத் திறன் போட்டியில் இந்தியா வாங்கிய முதல் தங்கம் எதற்குத் தெரியுமா? 2019ல் ரஷ்யாவின் கசானில், நீர்த் தொழில்நுட்பத்துக்கு. கழிவுநீரைச் சோதிப்பது, பம்ப்பைப் பிரித்து மாட்டுவது, சுத்திகரிப்பை ஓட்டுவது. வாங்கியவர் ஒடிசாவில் பயிற்சி பெற்றவர். தோல் கழிவால் பாலாறு கெட்டது பற்றி 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஊர் நம்முடையது. "கெடுத்தவனே கட்டு" என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வருஷக் கணக்காக ஓடுகின்றன. அந்தப் பிரிவுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் அல்லவா வரிசையில் நிற்க வேண்டும்? பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே பாடம் நாறிக்கொண்டு ஓடுகிறது, யாரும் எடுத்து நடத்தவில்லை.

#12 பிரியாணிப் பிரியன்

ஆம்பூர்க்காரர் பிரியாணியைத் தவிர வேறு ஒன்றைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சரியான கேள்வி அண்ணே.

#13 வெள்ளைக் கோட்டு அக்கா

நான் செவிலியம் ஒக்கேஷனலில் படித்து, பிறகு டிப்ளமோ நர்சிங் முடித்து, இருபது வருஷமாக வேலூரில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். பெண் பிள்ளை என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

ப்ளஸ் டூவில் நாங்கள் வாரத்தில் ஒருநாள் அரசு மருத்துவமனைக்கு நடந்தே போவோம். படுக்கை விரிக்க, கட்டுப்போட, காய்ச்சல் பார்க்கக் கற்றுக்கொண்டோம். அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு நர்ஸ் ஆகிவிட முடியாது, அதை யாரும் அப்போது தெளிவாகச் சொல்லவில்லை. என் கூடப் படித்த பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள், சிலர் கிளினிக்குகளில் சொற்பச் சம்பளத்துக்கு. மேலே எங்கே போகலாம் என்று அந்த வயதில் யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் அரசின் நான் முதல்வன் திட்டமெல்லாம் 2022ல்தான் வந்தது.

மெக்கானிக்கல் பிரிவில் இவளுக்கு வேறு பிரச்சினைகள் வரும். அறுபது பையன்களுக்கு நடுவே ஐந்தோ ஆறோ பெண்கள் இருப்பார்கள். ஷாப்பில் பையன்கள் மெஷினை எடுத்துக்கொள்வார்கள், இவளை ரெக்கார்ட் நோட்டு எழுதச் சொல்வார்கள். முதல் வாரத்திலேயே மெஷின் முன்னால் போய் நின்றுவிடச் சொல்லுங்கள். கூந்தலை இறுக்கிக் கட்டி உள்ளே விட வேண்டும், துப்பட்டா கூடாது. இது அடக்க ஒடுக்கத்துக்காகச் சொல்வதில்லை, சுற்றுகிற சக்கில் (இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பகுதி) மாட்டினால் தலையோடு போய்விடும்.

#14 பழைய வாத்தியார்

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. என் வகுப்பில் கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டே பெண்கள். இரண்டு பேர் செய்து தரும் ஜாப்பும் (வேலைத் துண்டு) பையன்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். ஒருத்தி இப்போது ஓசூரில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள், பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுவாள்.

மாமா, பள்ளி பார்க்கப் போனீர்களா இல்லையா?

#15 ஒடுகத்தூர் மாமா

போனோம் ஐயா. ஒரு வாரம் லீவு போட்டு, அவளையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு சுற்றினேன்.

முதலில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். அடிப்படை இயந்திரவியல் குரூப் இருக்கிறது என்று பலகையில் போட்டிருந்தது. வாத்தியார் யார் என்று கேட்டால், "வருவார், கேட்டிருக்கிறோம்" என்றார்கள். ஷாப்பைத் திறந்து காட்டச் சொன்னோம். சாவி யாரிடம் என்று தேடவே அரை மணி நேரம். நீங்கள் சொன்ன பெஞ்சுகள் இங்கேயும் இருந்தன ஐயா. அவள் லேத்தின் கைச்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள், நகரவில்லை. துரு ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "போகலாம் மாமா" என்றாள்.

அடுத்த நாள் தொரப்பாடி தந்தை பெரியார் அரசு பாலிடெக்னிக். விடுமுறை சமயம் என்றாலும் ஒர்க்‌ஷாப்பில் ஆள் இருந்தது. அங்கே ஒருவரிடம் இவள் தன் பறிப்பானைக் காட்டினாள் (பையில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள், எனக்கே தெரியாது). அவர் வாங்கிப் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார். சென்சார் பற்றிக் கேட்கவில்லை. "இந்த பின் எதற்கு இவ்வளவு ஆடுகிறது? துளை எப்படிப் போட்டாய்?" என்று கேட்டார். ஆணியைச் சூடாக்கி அடித்தேன் என்றாள். அவர் சிரிக்கவில்லை. துளை போடும் டிரில் பிட்டுக்கும் போட்ட துளையைத் துல்லியமாக்கும் ரீமருக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டையும் எடுத்துக் காட்டினார். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கும் மச்சானுக்கும்தான். மச்சான் அணைக்கட்டு வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது, "ஆறு வருஷக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

7.5 போகிறதே என்று நான்தான் இழுத்தேன். ஃபிட்டர் சார் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அதுக்காக ரெண்டு வருஷம் சும்மா உட்காரணுமா?" என்றாள். சும்மா உட்கார மாட்டாய், பிசிக்ஸ் படிப்பாய் என்றேன். முறைத்தாள். அக்கா முறைப்பு அப்படியே வந்திருக்கிறது.

மெக்கானிக்கலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

#16 காட்பாடி ஜங்ஷன்

சரி, நான் வாபஸ். ஆனால் கணக்கை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையும்போது அதே சுவர் வேறு இடத்தில் நிற்கும். நுண்கணிதம் புத்தகம் என்னிடம் இருக்கிறது, மூன்று தடவை படித்தது, ஓரமெல்லாம் குறிப்பு. வேண்டுமானால் காட்பாடி ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

#17 ஐடிஐ ஃபிட்டர்

டிப்ளமோவில் இருந்தும் டிஎன் ஸ்கில்ஸுக்குப் போகலாம், ஐடிஐக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் வருஷம் கை பழகட்டும். அதற்குள் வெர்னியர் ஒன்று வாங்கிக் கொடுங்கள் மாமா, பிறந்த நாளுக்குத் தங்கம் வாங்குவதைவிட மலிவு.

#18 ஒடுகத்தூர் மாமா

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். சீட் கிடைத்துச் சேர்ந்துவிட்டாள். காட்பாடித் தம்பியிடம் புத்தகமும் வாங்கியாயிற்று, டீக்கு நன்றி.

டல்லாஸ் அண்ணன் சொன்னது அவளுக்குப் பிடித்துவிட்டது. போன ஞாயிறு பறிப்பானை எடுத்துக்கொண்டு இலவம்பாடிக்கே போனாள். நாற்பது வருஷமாகக் கத்தரி பறிக்கும் ஒரு பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி இரண்டு வரிசை பறித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "முள்ளு குத்தல, அது சரி. ஆனா கண்ணு, இதைத் தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் பறிச்சா தோள்பட்டை போயிடும். நீ பறிச்சுப் பாத்தியா?"

எடை போட்டோம். 870 கிராம். குழாய்தான் காரணம். இப்போது குழாயைக் கழற்றிவிட்டு மூங்கிலில் முயற்சி செய்கிறாள். பிரேக் வயரை மூங்கிலுக்குள் ஓட்டினால் கணுவில் மாட்டுகிறது. கணுவை எதை வைத்துக் குடைவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

#19 பழைய வாத்தியார்

நீளமான கம்பியின் முனையைப் பழுக்கக் காய்ச்சி விடச் சொல்லுங்கள். புல்லாங்குழல் செய்பவர்கள் அப்படித்தான் துளை போடுகிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு. கண்ணாடியும்.